முள்ளம்பன்றி முள்ளில் ஒரு சிவப்புப் புள்ளி

போன வருஷம் தசரா கூட்டம் கலைந்த மறுநாள் நடந்தது இது. மைசூரு அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில், ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுகளுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வேலையை ஏணி பிடித்தே கற்றவன் நான். வாய் மட்டும் கூடவே பிறந்தது.

கண்காட்சிக்காகக் கனடாவிலிருந்து பொருட்கள் வந்திருந்தன. அங்கே கிரீ, அனிஷினாபே என்று பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். கிரீ பெண்கள் பாசிமணி கோத்துத் தைத்த தோல் காலணிகள். மரப்பட்டையில் முள்ளம்பன்றி முட்களைச் செருகி அனிஷினாபே பெண்கள் பூப்போட்ட ஒரு வட்டச் சிமிழ். எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள். வந்ததும் திறக்கக் கூடாதாம். நம் ஊர்க் காற்று பழகும்வரை மூடியே கிடக்க வேண்டுமாம்.

அது மூடிக் கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. அங்கே கூட்டித் துடைக்கும் அக்கா கொள்ளேகால் பக்கத்துக்காரர். துடைப்பம், ஏணி, என் ஸ்க்ரூடிரைவர், கம்ப்யூட்டர் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். அந்த மரப்பெட்டிக்கும் வைத்துவிட்டார்.

பெட்டியைத் திறந்த அன்று மேனேஜர் இருந்தார். பொருட்களோடு வந்திருந்த அனிஷினாபே பெண்மணியும் இருந்தார். அவரும் முள் வேலை செய்கிறவராம். மேல்பலகையைத் தூக்கி, சிமிழைச் சுற்றியிருந்த தாளை விலக்கினார்கள். வெள்ளை வெளேரென்ற முட்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி.

மேனேஜர் பலகையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “ஏம்மா, பூஜை பண்ண உனக்கு ஃபாரின் சாமான்தான் கெடச்சுதா? எனக்கும் ஒரு பொட்டு வெச்சு, ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டிடு! நாளையிலிருந்து வரவேண்டாம்.”

“ஐயோ சிவனே! நான் பலகைக்குத்தானுங்க சார் வெச்சேன். உள்ளுக்குள்ளாற எதையும் தொடவே இல்லீங்க” என்றார் அக்கா. மகளுக்குப் பேறுகால நேரம். வேலை போனால் என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பலகையைத் தூக்கும்போது குங்குமம் உதிர்ந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தப் பெண்மணி மட்டும் பதறவில்லை. கையுறையோடு சிமிழின் மூடியை மெல்ல எடுத்துத் திருப்பி, என்னிடம் லைட் அடிக்கச் சொன்னார். முள்ளின் இரு முனைகளும் பட்டையைத் துளைத்து உள்பக்கம் மடங்கி நிற்கும் வேலை அது. சரியாக அந்த இடத்தில், உள்பக்கமும் இரண்டு சிவப்பு முனைகள். குங்குமம் அப்படிப் போய் மடங்கி உட்காருமா? அது சாயம் தோய்த்த முள்! செய்தவரே ஆசையாக வைத்தது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பலகையில் இருந்த பொட்டு எதற்கு என்று அந்தப் பெண்மணி கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். தங்கள் பக்கமும் இந்தப் பொருட்களை உறவுக்காரர் போலத்தான் பார்ப்பார்களாம்; பார்க்கப் போகும்போது மரியாதையாக ஒரு சிட்டிகை புகையிலை வைப்பார்களாம். அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், அக்கா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார்.

“பொகையிலைதானே? எங்கிட்டயே இருக்குது, குடுக்கட்டுமான்னு கேளு தம்பி!”

எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது அந்தப் பெண்மணிதான். மேனேஜர் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, “எழுந்திரும்மா, போய் எல்லாருக்கும் காபி சொல்லு” என்றார்.

அந்தச் சிமிழை எத்தனையோ பேர் வந்து பார்த்துப் போனார்கள். எனக்கோ, யார்மீதாவது சட்டென்று பழி விழும்போதெல்லாம், மூடியைத் திருப்பிப் பார்த்த அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்து என் வாயை அடைக்கின்றன.