ஆயுத பூஜையன்று அணைத்த சர்வர்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, சொன்னால்தான் இனி எழுதப்போவது விளங்கும். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கும் என் கிடங்குக்கு வரும் படித்தவர்கள் என்னிடம் பேசும்போது குரலை மெதுவாக்கி, வார்த்தைகளைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. நானும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பேன். அவர்கள் காரில் ஏறிப் போன பிறகு மகளிடம் சொல்வேன்: "சட்டையை மட்டும் நல்லா தேய்ச்சிப் போட்டுக்கிட்டு வரானுங்க."

எனக்கு மசாலாச் சாமான், பருப்பு, அரிசி மொத்த வியாபாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை, மேருவில் கிடங்கு, வரிசையாக லோரிகள். ஒற்றை லோரியில் ஆரம்பித்தவன். அந்த ஒற்றை லோரி ஒருநாள் காஜாங் போகிற வழியில் வெங்காய மூட்டைகளோடு படுத்துவிட்டது. மழை பெய்து, அடுத்த நாள் வெயிலடித்து, லோரியே நாறியது. இரண்டாவது லோரி வாங்கினேன். ஒன்று படுத்தால் இன்னொன்று இழுக்கும் என்று நினைத்தேன். தீபாவளி நேரத்தில் இரண்டும் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு ஓடின. அதில் ஒன்று படுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லோரியில் ஒரு மூட்டை வைக்கக்கூட இடமில்லை. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வைத்திருந்தால் இரண்டிலும் பாதிதான் ஏற்ற வேண்டும். பாதியோடு நிறுத்த முடியாவிட்டால் மூன்றாவது வாங்க வேண்டும்.

இந்தக் கதையைக் கோலாலம்பூரிலிருந்து வந்த கன்சல்டன்ட் ஒருவனிடம் சொல்லவேண்டி வந்தது.

எங்கள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர் சர்வர், கணக்கு மேசைக்கடியில் நின்ற ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்டாக், பில், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். கடை பெரிதாகி, குளிர்பதன அறை வந்து, லோரி எங்கே ஓடுகிறது என்று பார்க்கிற திரை வந்தபோது பெட்டிக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் இந்தக் கன்சல்டன்ட் வந்தான். மேரு வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்த ஒரே மனிதன் அவன்தான்.

"அங்கிள், இனிமே வேலைக்கு ஒரு பெட்டின்னு வாங்க வேணாம். ரெண்டு பெரிய சர்வர் போதும். அதுக்குள்ள நிறைய சர்வர் ஓடும்."

"உள்ள ஓடுறது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள். எல்லாம் விர்ச்சுவல். ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டா அதுக்குப் பேரு கிளஸ்டர். ஒன்னு விழுந்தா, அதுல ஓடுறதெல்லாம் அடுத்ததுக்குத் தானா போயிரும்."

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு நானும் கண்ணுக்குத் தெரியாத காசு குடுக்கலாமா?"

அவன் சிரித்தான். காசு மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் வாங்கிக்கொண்டான்.

வியாபாரம் வளர வளர, அந்த இரண்டு சர்வர்களும் நிறைந்தன. கணக்கு படித்த என் மகள்தான் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டும் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டதை அவள் திரையில் காட்டினாள். கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டால், "கிரீன்லதானே அங்கிள் காட்டுது, ஒன்னும் பிரச்சனை இல்ல லா" என்றான். அப்போதுதான் வெங்காய லோரிக் கதையைச் சொன்னேன். ஒன்று விழுந்தால் அதன் மூட்டையை இன்னொன்றில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். அடுத்த வாரம் மூன்றாவது சர்வருக்கு விலை எழுதிக்கொண்டு வந்தான். வண்ணப் படங்கள் போட்ட அந்தத் தாள்களில், மூன்றாவது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. லோரியும் இல்லை, வெங்காயமும் இல்லை. மற்றதெல்லாம் நான் சொன்னதுதான்.

வியாபாரிகள் சங்க விருந்துகளிலும் இந்த மாதிரி ஆட்களைப் பார்க்கிறேன். ஒரு கையில் கோழி வறுவல், இன்னொரு கையில் கைப்பேசி. "நாங்க எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திட்டோம்" என்பார்கள். எங்கே இருக்கிறது அந்த கிளவுட் என்று கேட்டால் விழிப்பார்கள். தன் சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறதென்று தெரியாதவன் முதலாளியாம். என் சர்வர்கள் எங்கே என்று கேட்டால் நான் கதவைத் திறந்து காட்டுவேன்.

மூன்றாவது வந்த அன்றைக்குக் கன்சல்டன்ட் மேசைக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காலால் தட்டினான்.

"இதைத் தூக்கிப் போட்டுரலாம் அங்கிள். இதுல இருந்த வேலையெல்லாம் கிளஸ்டர் உள்ள கொண்டு போயாச்சு. மிச்சம் இருக்கிறதை நான் ஒருநாள் வந்து நிறுத்திக் குடுக்கிறேன்."

"காலை எடு தம்பி. என்னோட முதல் லோரி இன்னும் ஷெட்டுலதான் நிக்குது. முதல்ல வந்ததை நான் விக்கவும் மாட்டேன், வீசவும் மாட்டேன்."

அவன் மகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். கிழவனுக்குப் புரியாது என்று அதற்கு அர்த்தம். மகள் திரும்பப் பார்க்கவில்லை. என் மகள் அல்லவா.

அந்த வருடம்தான் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு இருக்கும் கடைகள் அத்தனைக்கும் மசாலாவும் பருப்பும் நாங்கள் கொடுக்க வேண்டும். ஒரு நிபந்தனை. முதல் லோடு காஜாங்கில் இருக்கும் அவர்களுடைய கிடங்குக்குக் குறித்த நாளில் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். இ-இன்வாய்ஸ், அதாவது கம்ப்யூட்டர் பில், எங்கள் சிஸ்டத்திலிருந்து அவர்கள் சிஸ்டத்துக்கு முன்கூட்டியே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் லோரியை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஒப்பந்தம் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற போட்டிக்காரனுக்குப் போய்விடும். என் ஆயுளில் அவ்வளவு பெரிய வாய்ப்பு வந்ததில்லை. அவர்கள் குறித்த நாள் விஜயதசமி. காலண்டரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு எதுவும் ஓடாது. லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். தராசு, மூட்டை தைக்கிற எந்திரம், ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். குளிர்பதன அறையைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து ஓய்வு கொடுப்போம். சர்வர்களுக்கும் அப்படித்தான். வருடாவருடம் அணைப்போம், மறுநாள் போடுவோம், எழுந்துகொள்ளும். கறுப்புப் பெட்டியும் மேசைக்கடியிலேயே சந்தனம் வாங்கிக்கொண்டு, மறுநாள் மற்றவற்றோடு எழுந்துகொள்ளும்.

இந்த முறை மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். காலால் உதை வாங்கிய பெட்டிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதைக் கழற்றித் தூக்கிப் போய்ப் பூஜை மேடையில், சாமி படத்துக்கு நேர் கீழே வைத்து மாலை போட்டேன். மேடையில் வைத்ததை மறுநாள் பூஜை முடிந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுப்பது எங்கள் வழக்கம்.

விஜயதசமி காலை. மகள் சர்வர் அறையிலிருந்து வந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, மூணுலயும் லைட்டு எரியுது. உள்ள ஒன்னும் எந்திரிக்கல. பில் போட முடியல."

லோடு ஏற்றிய லோரி வாசலில் நின்றது. கன்சல்டன்ட்டுக்கு அழைத்தோம். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தான். இந்தத் தடவை கோட்டு இல்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டு தட்டென்று தட்டினான். கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னான்.

"தமிழ்ல சொல்லு தம்பி."

"மூணு சர்வரும் ஒன்ன ஒன்னு அடையாளம் கண்டுக்கிட்டாதான் அங்கிள் கிளஸ்டர் சேரும். யாரு யாருன்னு சொல்றதுக்கு உள்ள ஒரு விர்ச்சுவல் சர்வர் இருக்கு. அது தூங்குது."

"எழுப்பு."

"கிளஸ்டர் சேர்ந்தாதான் அதை எழுப்ப முடியும்."

"கிளஸ்டர் சேரணும்னா?"

"அது எந்திரிக்கணும்."

வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியில் நிற்பவனைக்கூட நான் மன்னிப்பேன். அவன் அதற்காக யாரிடமும் காசு வாங்கியிருக்க மாட்டான்.

"யாரும் சர்வரை மொத்தமா ஆஃப் பண்ண மாட்டாங்க அங்கிள். டேட்டா சென்டர்ல எல்லாம்..."

"இது டேட்டா சென்டரா? மசாலா ஸ்டோரு. கரண்டு போனா?"

"யூபிஎஸ் இருக்கு."

"அதுல இருக்கிற பேட்டரியும் தீந்துட்டா?"

மடிக்கணினியைப் பார்த்தான்.

"நீயும் தமிழன்தான? ஆயுத பூஜைன்னா எல்லாத்தையும் நிறுத்தி வைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? போன வருஷம் இங்க வந்து சுண்டல் தின்னுட்டுப் போனியே, அப்பவாவது கேட்டிருக்கலாம்ல?"

"வெளிநாட்டுல இருக்கிற சப்போர்ட்டுக்கு எழுதிட்டேன் அங்கிள். பதில் வரும்."

அவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவன் கட்டிய கிளஸ்டரும் தூங்குகிறது, அதற்கு வைத்தியம் பார்க்கிறவர்களும் தூங்குகிறார்கள்.

கையால் பில் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்களா என்று மகள் காஜாங்குக்கு அழைத்துக் கேட்டாள். சிஸ்டத்தில் வராத பில்லுக்கு வாசல் திறக்காது என்று சொல்லிவிட்டார்கள். கைப்பேசியை வைத்தாள். பிறகு கன்சல்டன்ட் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷமும் இப்படித்தான் ஆஃப் பண்ணோம். அப்ப எப்படி எந்திரிச்சிச்சி?"

"தெரியல அக்கா."

"அந்தப் பழைய பெட்டிதான முன்ன யாரு யாருன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சி? அதை நிறுத்திட்டியா, இல்ல வந்து நிறுத்தறேன்னு சொன்னதோட சரியா?"

அவன் முகத்தில் அப்போதுதான் ஒரு உயிர் வந்தது.

"சொன்னதோட சரி. அதுல ஒரு காப்பி இன்னும் இருக்கணும். அது ஓடுனா போதும் அக்கா, மூணும் அதைக் கேட்டுச் சேர்ந்துரும். எங்க அது?"

மூவரும் பூஜை மேடையைப் பார்த்தோம். சாமந்தி மாலையும் தலையில் எலுமிச்சம்பழமுமாகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கன்சல்டன்ட் ஓடிப்போய் அதைத் தூக்கப் பார்த்தான்.

"கைய எடு தம்பி. கற்பூரம் காட்டாம எடுக்கக் கூடாது."

"அங்கிள், டைம் இல்ல."

"காலையிலேருந்து நீ தட்டிக்கிட்டு இருந்ததுக்கு டைம் இருந்துச்சி. கற்பூரத்துக்கு மட்டும் இல்லியா?"

பூசாரி வேறு கம்பெனிகளுக்கெல்லாம் போய்விட்டு மெதுவாகத்தான் வருவார். காத்திருக்க முடியாது. நானே குளித்த உடம்போடு கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். அது அணையும்வரை யாரும் அசையவில்லை. கன்சல்டன்ட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு பெட்டியை நானே தூக்கினேன். இந்த வயதில் அதை மேசைவரை தூக்கிக்கொண்டு போக என்னால் முடிந்தது, அவனிடம் கொடுக்கவில்லை. பொத்தான்மேல் அப்பியிருந்த சந்தனத்தை மகள் துப்பட்டா நுனியால் துடைத்து அழுத்தினாள். உள்ளே காற்றாடி முக்கி முனகிச் சுற்றியது. குளிரில் கிளம்பும் பழைய டீசல் லோரி எழுப்புகிற அதே சத்தம்.

கொஞ்ச நேரத்தில் திரையில் முதல் சர்வர் சேர்ந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. உள்ளே தூங்கியவை ஒவ்வொன்றாக எழுந்தன. மகள் பில் போட்டு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

லோரியின் முன்பக்கத்தில் ஏறி டிரைவர் பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். இப்படி உட்கார்ந்து எத்தனையோ வருடம். காஜாங் கிடங்கு வாசலில் நின்ற மலாய்க்கார காவலர் பில் எண்ணைத் தட்டிப் பார்த்தார். கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஓகே பாஸ், மாசோக்" என்று கேட்டைத் தூக்கினார். உள்ளே போனோம்.

ஒப்பந்தம் எங்களுக்குத்தான்.

அந்த வாரமே கன்சல்டன்ட்டிடமிருந்து வண்ணப் படங்களோடு ஒரு தாள் வந்தது. கிளஸ்டருக்கு வெளியே, தனியாக ஒரு சாதாரண சர்வர் வாங்கி வைத்தால், மொத்தமாக அணைத்தாலும் திரும்ப எழும் என்று ஆலோசனை சொல்லியிருந்தான். கீழே விலையும் போட்டிருந்தான். அவன் உதைத்த பெட்டி செய்த வேலையை எனக்கே விற்க வந்திருக்கிறான். வெட்கம் என்பதும் அவனுக்கு விர்ச்சுவல்தான் போலிருக்கிறது. பெட்டிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கத்தான் வேண்டும் என்று மகள் சொன்னாள். சரி என்றேன். அவள் சொன்னதால் வாங்கினேன், அவன் சொன்னதால் அல்ல.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவன் வந்தபோது மகளைவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவன் மேருவுக்கு வந்து, தன் கையால் எல்லாவற்றையும் அணைத்து, மறுநாள் காலை தன் கையால் எழுப்பிக் காட்ட வேண்டும்.

"அங்கிள், இந்த மாதிரி எந்த கான்ட்ராக்ட்லயும் இல்லியே."

"அப்ப அணைச்சா எந்திரிக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். எழுந்து போகும்போது, சந்தனம் பட்டாலும் பரவாயில்லை என்கிற சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.