‘நீங்கள்’ என்று அழைக்கப்பட்ட பந்து

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் காப்பிக்கொட்டை வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஞானசேகரன் மொழிபெயர்ப்பு குமாஸ்தாவாக இருந்தார். மலைத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ் ஆட்களுக்காகக் கம்பெனி ஒட்டும் அறிவிப்புகளைத் தமிழாக்குவது அவர் வேலை. உபதேசியார் மகன். யாரையும், எதையும் ஒருமையில் அழைத்துப் பழக்கமில்லாதவர். ஒருமுறை ‘வெறிநாய் எதிரில் வந்தால் அவரைக் கோபப்படுத்தாதீர்கள்’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்த ஒரு தோட்டத்து ஆட்கள், கம்பெனி தங்கள் துரையைப் பற்றித்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அவரிடம் வெகு பதவிசாக நடந்துகொண்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் ஞானசேகரனும் அவர் மனைவி டோரதியும் இருந்தார்கள். டோரதிக்கு நெஞ்சு பலவீனம். மழைக்காலம் வந்தால் இரவெல்லாம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். “இந்த ஊர் ஈரத்தையே தாங்க முடியவில்லை. இதைவிட ஈரமான ஊருக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதே” என்று மிஷன் டாக்டர் ஞானசேகரனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கம்பெனிக்கு விட்காம் என்று ஒரு புது மானேஜர் வந்தார். மனிதனின் குணம் கோல்ஃப் ஆட்டத்தில் வெளிப்படுவதுபோல வேறெதிலும் வெளிப்படாது என்பது அவர் சித்தாந்தம். கம்பெனி சக்லேஷ்பூரில் ஒரு கிளை திறக்கப்போகிறது, இங்கிருந்து ஒரு குமாஸ்தா அங்கே போயாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது அவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களில் யாருக்கும் போக விருப்பமில்லை என்று தெரியும். எனக்கும் யாரையும் பிடித்துத் தள்ள விருப்பமில்லை. கோடை முடிவதற்குள் ஒரு கோல்ஃப் போட்டி வைப்போம். கடைசியாக வருகிறவர் போகட்டும். அவருக்குத்தான் மலைக்காற்று தேவையாக இருக்கும்.”

சக்லேஷ்பூர் என்றால் வருஷத்தில் பாதி மழை, மீதியில் மலேரியா. ஞானசேகரனுக்கு மிஷன் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றுவரை அவர் கையால் தொட்ட ஒரே பந்து வேதாகமப் பள்ளிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்தது.

குமாஸ்தாக்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள விட்காம் ஒரு சிறு இங்கிலீஷ் கையேட்டைக் கொடுத்து, எல்லோருக்கும் புரியும்படி தமிழில் எழுதச் சொன்னார். ஞானசேகரன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் அத்தியாயத்தின் முதல் கட்டளையிலேயே பேனா நின்றுவிட்டது. அடிப்பதற்கு முன் பந்தை ‘அட்ரஸ்’ செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அகராதியில் அதற்கு ‘விளித்தல், முன்னிலைப்படுத்திப் பேசுதல்’ என்று இருந்தது. ‘பந்தை அடிக்குமுன் அதை முறையாக விளித்துப் பேசுக’ என்று எழுதினார்.

பக்கத்து மேஜைக் கணக்கர் சேஷகிரி எட்டிப் பார்த்தார். ஞானசேகரனுக்கு ஆபீசில் இருந்த ஒரே சிநேகிதர் அவர். தினம் ஒருவரையொருவர் சீண்டாமல் அவர்களுக்குக் காப்பி இறங்காது.

“என்ன ஓய் இது? பந்தோட பேசணுமா?”

“அப்படித்தான் போட்டிருக்கிறான். நானா சேர்த்தேன்?”

“சரி, எப்படிப் பேசறது? ‘நீ’யா, ‘நீங்க’ளா?”

ஞானசேகரன் இதை எதிர்பார்க்கவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அவன் பந்திடம் எந்த மரியாதையில் பேசினான் என்பது பந்துக்குத்தான் வெளிச்சம்.

“முதல் சந்திப்பு. ‘நீங்கள்’ என்பதுதான் முறை” என்றார்.

“அடிக்கப்போற பொருளை ‘நீங்கள்’னு கூப்பிட்டா அது சிரிக்கும் ஓய். நான் ‘டேய்’தான்.”

“உங்க பந்து, உங்க இஷ்டம் ஐயரே.”

மொழிபெயர்ப்பைச் சுற்றுக்கு விட்டதும் ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. மரியாதைக் கட்சி, டேய் கட்சி. கிடங்கு மேஸ்திரி மட்டும் பந்தை ‘மாமா’ என்று அழைத்து யாரோடும் சேராமல் இருந்தார்.

அடுத்தது மட்டைகள். நிஜக் கோல்ஃப் மைதானத்துக்குள் குமாஸ்தாக்களை விடமாட்டார்கள். அதனால் வண்ணார் துணி உலர்த்தும் வெளியில் தகர டப்பாக்களைப் புதைத்து, சுற்றிலும் மணலில் எண்ணெய் விட்டு மெழுகித் தளம் போட்டுக் கொடுத்தார் விட்காம். எல்லா டப்பாவிலும் பந்தைப் போட்டு முடிக்க அதிக அடி எடுப்பவர்தான் கடைசி. மட்டைகளை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாக்பள்ளிச் சந்தையில் பழைய சாமான் விற்கிற கடையில், ஊருக்குத் திரும்பிப்போன துரைமார் விட்டுப்போன மட்டைகள் குடைகளோடு கட்டுக்கட்டாகக் கிடந்தன. சேஷகிரி வெண்கலப் பானை வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டார். “கனமா இருந்தாத்தான் ஓய் நீடிச்சு உழைக்கும்” என்றார். அது அவர் நெஞ்சு உயரம் இருந்தது.

ஞானசேகரனுக்காகத் தேர்ந்தெடுத்தவள் டோரதி. முருங்கைக்காயைப் பார்ப்பதுபோல மட்டையின் இரு முனையையும் பிடித்து லேசாக முறுக்கினாள். துவண்டதைத் தள்ளினாள், மரம்போல் விறைத்ததையும் தள்ளினாள்.

“இங்க பாருங்க, நேரா நில்லுங்க. கையைத் தொங்கவிடுங்க. குனியாம, எக்காம தரையைத் தொடணும். அதுதான் உங்க அளவு.”

“துரைமார் எல்லாம் பெரிசா வைச்சிருக்காங்களே டோரதி?”

“துரைமார் பனைமரம். நீங்க கறிவேப்பிலைச் செடி. இது போதும்.”

கையேட்டில் ஒரு டஜன் மட்டை சொல்லியிருந்தும் அவள் மூன்றே எடுத்தாள். தூரத்துக்கு ஒன்று, பள்ளத்திலிருந்து தூக்க தோசைத்திருப்பி மாதிரி முகம் சாய்ந்த ஒன்று, டப்பாவுக்குள் உருட்ட ஒன்று. இத்தனை வருஷம் கழித்தும் புதிதாக ஆட வருகிறவனுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. அளவுக்கு மீறி மட்டை வைத்திருப்பவன் பாதி நேரம் எதை எடுப்பது என்று யோசித்தே கெட்டுப்போவான்.

சாயங்காலங்களில் வண்ணார் வெளி முழுக்க முணுமுணுப்பாக இருந்தது. ஞானசேகரன் பந்தின் முன் நின்று, செருப்பைச் சரிசெய்துகொண்டு, “ஐயா, தாங்கள் அந்தப் புளியமரத்துக்கு இடப்பக்கமாக எழுந்தருள வேண்டும்” என்பார். விசித்திரம் என்னவென்றால், பந்து எழுந்தருளியது.

யோசித்துப் பார்த்தால் அதில் மாயம் ஒன்றுமில்லை. பெரியவரிடம் பேசும்போது தலையை நிமிர்த்தி வேறெங்கோ பார்க்க முடியாது; அதனால் கண் பந்தைவிட்டு நகரவில்லை. வாக்கியம் முடியும்வரை கையை ஓங்க முடியாது; அதனால் அவசரம் போயிற்று. மரியாதையாகப் பேசுகிறவன் பிடியை இறுக்குவதில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்தார். அடித்து முடித்த பிறகும், விருந்தாளியை வாசல்வரை வழியனுப்புவதுபோல, கை பந்து போன திசையிலேயே கொஞ்ச தூரம் போயிற்று. ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்காகப் பாடுபட்டுக் கற்கிற நான்கு பாடங்களும் ஒரு தப்பான மொழிபெயர்ப்பில் அடங்கியிருந்தன.

சேஷகிரியின் ‘டேய்’ அவ்வளவு பலன் தரவில்லை. “டேய், போடா” என்று வாய் சொல்லும்போதே கை வீசிவிடும். பந்து ஆட்டுமந்தைக்குள் போய் விழும். “மதிப்பே இல்லை ஓய் இதுக்கு” என்பார். ஆனாலும் முரட்டு பலத்தில் சில அடிகள் அதிசயமாக விழுந்து, மொத்தத்தில் ஞானசேகரனுக்குக் கொஞ்சம்தான் பின்னால் இருந்தார்.

போட்டி நாள் காலையில் விட்காம் தொப்பியோடும் விசிலோடும் வந்தார். குமாஸ்தாக்கள் பந்தின் முன் உதட்டசைப்பதைச் சில வாரங்களாகவே பார்த்து, ஆட்டத்தைத் துவங்குமுன் ஜெபம் செய்கிறார்கள் என்று உருகிப்போயிருந்தார். அன்றைக்கு ஞானசேகரனைத் தோளில் தட்டி, “எந்த ஜெபம் சொல்கிறாய்?” என்று கேட்டார்.

“ஜெபம் இல்லை சார். கையேட்டில் சொன்னபடி பந்தை விளிக்கிறோம்.”

விட்காமுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்தச் சொல்லுக்குப் பந்தின் முன் சரியாக நிலைகொள்வது என்றுதான் அர்த்தம் என்று விளக்கினார். அதற்கப்புறம் முகம் மாறிற்று. “கோல்ஃப் மௌனமான ஆட்டம். இன்று ஆடுகிறவன் எவனும் வாயைத் திறக்கக் கூடாது.”

ஞானசேகரனுக்குப் பேசாமல் பந்தின் முன் நிற்பது, சாவு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நிற்பதுபோல இருந்தது. முதல் அடி துணிக்கொடியில் தொங்கிய ஒரு ஜமக்காளத்தில் போய் மோதியது. அடுத்தது சாக்கடைக்குள். மேஸ்திரி வாய்திறக்காமலே அவருடைய மாமாகூட நேராகப் போனார். டப்பாக்கள் முடிய முடிய, கடைசி இடத்துக்கு ஞானசேகரனும் சேஷகிரியும்தான் போட்டி என்று ஆகிவிட்டது.

கடைசி டப்பா. சேஷகிரி ஆடி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஞானசேகரன் இந்த ஒரே அடியில் பந்தை உள்ளே போட்டால் சேஷகிரி சக்லேஷ்பூர் போவார், இல்லாவிட்டால் இவர். நடுவில் ஒரு வண்ணான் கல், அதன் பின்னால் ஒரு மேடு. தோசைத்திருப்பி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உதடு துடித்தது; வார்த்தையை விழுங்கினார். கை விறைத்துவிட்டது. வெளியின் ஓரத்தில் கம்பளிச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த டோரதி இருமினாள். அது அவர் காதில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“சீக்கிரம்” என்றார் விட்காம்.

டோரதி எழுந்தாள். தளத்துக்குள் இரண்டடி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இங்க பாருங்க” என்றாள் உரக்க. “எத்தனை நேரம் இப்படியே இருப்பீங்க? பயப்படறதுக்கு அங்க என்ன இருக்கு? எழும்பிப் போங்க. நேராப் போய், அந்த டப்பாவுல இறங்குங்க. வீட்டுல அடுப்புல பருப்பு இருக்குது.”

ஞானசேகரனின் தோள் தானாகவே தளர்ந்தது. கை போயிற்று. பந்து எழும்பி, கல்லைத் தாண்டி, மேட்டில் ஒருமுறை தத்தி, உருண்டு, டப்பாவுக்குள் ‘டங்’ என்று விழுந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

விட்காம் விசிலை ஊதினார். சட்டைப்பையிலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்தார். ஆடுகிறவனுக்கு வெளியாள் யோசனை சொல்லக் கூடாது, சொன்னால் தண்டனை. தண்டனை விழுந்தால் ஞானசேகரன்தான் கடைசி.

“அந்த அம்மாள் யாரிடம் பேசினாள்? புருஷனிடமா, பந்திடமா? பந்தோடு பேசினால் எனக்கு ஆட்சேபணை இல்லை; பந்துக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதியில்லை. ஞானசேகரன், நீ சொல்லாதே, நீ சம்பந்தப்பட்டவன். சேஷகிரி, நீதான் பக்கத்தில் நின்றாய். அவள் தமிழில் சொன்னதை வார்த்தை மாறாமல் இங்கிலீஷில் சொல்.”

சேஷகிரி தொண்டையைக் கனைத்தார். ‘இங்க பாருங்க’ என்றால் யாரைக் கூப்பிடுகிறது என்று தமிழ் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களுக்கு அதுதான் புருஷன் பெயர். அவர் வீட்டோடு இருந்த மாமியார் ஜகதாம்பாள்கூட மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவாள். உள்ளதைச் சொன்னால் போதும். சேஷகிரி பெங்களூரிலேயே இருக்கலாம்.

ஞானசேகரன் தரையைப் பார்த்தார். டோரதிக்கு இரைப்பு வந்துவிட்டது. சால்வையை வாயில் அழுத்திக்கொண்டாள். சேஷகிரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பந்தோடதான் பேசினா சார்” என்றார் இங்கிலீஷில். “எங்க ஜனங்களில் எந்தப் பொம்பளையும் நாலு பேர் எதிரில் புருஷனிடம் இப்படிப் பேசமாட்டாள். தவிரவும், ‘எழும்பிப் போய் டப்பாவில் இறங்கு’ என்றாள். ஞானசேகரன் எப்படி சார் டப்பாவில் இறங்குவார்?”

விட்காம் டப்பாவைப் பார்த்தார், ஞானசேகரனைப் பார்த்தார், அளவு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஞானசேகரன் சேஷகிரியோடு நடந்தார். சர்ச் முனை வந்ததும் கேட்டுவிட்டார். “ஐயரே, நீர் ஏன்...”

“சும்மா இரும் ஓய். எனக்குக் கொசு கடிக்காது. என் ரத்தத்துல முழுக்க மாமியார் பேச்சுதான் ஓடறது. அங்க போய்க் கொஞ்ச நாள் அது இல்லாம இருந்து பார்க்கறேன்.”

சேஷகிரி புறப்பட்ட அன்று சிட்டி ரயிலடியில் அரசிக்கெரே வண்டி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து ஹாசன், அப்புறம் மோட்டார் பஸ். சேஷகிரி கனமான மட்டையையும் ஒரு பெட்டியையும் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தங்கள் வீட்டில் சமைத்ததை அவர் சாப்பிடமாட்டார் என்பதால் டோரதி வாழைப்பழச் சீப்பும், தானே தைத்த கொசுவலையும் கொண்டுவந்திருந்தாள். வலையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“ராத்திரி கால்மாட்டுல நல்லா செருகிக்குங்க அண்ணா. ஓட்டை விழுந்தா அப்பவே தைச்சிடுங்க. ஊசியும் நூலும் உள்ள வைச்சிருக்கேன்.”

“யாரோட பேசறே அம்மா? என்னோடயா, கொசுவலையோடயா?”

டோரதி சிரிக்கப்போய் இருமினாள். வண்டி நகர்ந்தது. ஞானசேகரன் அவளுடைய சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, கூட்டம் கலையும்வரை அங்கேயே நிறுத்திவைத்து, மெதுவாக வீட்டுக்கு அழைத்துப்போனார்.