துரைக்குப் போட்ட மாலை

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் பயிற்சி அறையைக் கழுவித் துடைத்து, கத்தரிக்கோலுக்கும் மருந்துத் தட்டுக்கும் பொட்டு வைத்து, கட்டிலில் படுத்திருக்கும் பொம்மையின் கழுத்தில் ஒரு சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கும் சக்கரத்துக்கும் மாலை போடுகிற ஊர் இது. பொம்மைக்குப் போட்டதில் குற்றமில்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் "கழட்டுங்கடி அத" என்று கத்திவிட்டேன். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அதனால் பூஜை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பொம்மைக்கு நாங்கள் வைத்த பெயர் துரை. நாங்கள் தாதி வேலை பழகச் சேர்ந்தபோது மேட்ரன் துரைசாணி கித்தானில் வைக்கோல் அடைத்து அதைத் தைத்துவைத்திருந்தாள். முகத்துக்கு ரோஜா வர்ணம், கண்ணுக்கு நீலம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் துரையைத்தான் தொட வேண்டும். அவரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்ற வேண்டும், உடையாத காலுக்குச் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். அவருக்கு இரும்புக் கட்டில், பஞ்சு மெத்தை, தினம் ஒரு வெள்ளை விரிப்பு. எங்கள் ஜனங்கள் படுக்கும் வார்டில் பாதிப் பேருக்குப் பாய்தான். "தொரைக்கு இன்னா கொறச்சல், நோவு ஒன்னுதான் இல்ல" என்பாள் அக்கா.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. எங்களோடு வேலை பழக வந்தவர்களில் மூத்தவள், வேலூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் சுரங்கத்தில் செத்த பிறகு கொழுந்தன் வீட்டில் இருந்துகொண்டு சுரங்கத்து மில்லில் கல் உடைத்தவள். அந்நிய ஆம்பிளைகளைத் தொடுகிற வேலை என்று கூலி லைன் வீடுகள் முழுக்க வாய் கிழியப் பேசியும் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்தாள். பழகி முடித்தால் ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுப்பார்கள். அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று அடிக்கடி என்னிடம் கேட்பாள். ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கொழுந்தனை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மழை நாளில் சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. டாக்டர் ஷாஃப்ட் வாயிலுக்கு ஓடினார். அடிபட்ட வெள்ளைக்காரர் ஒருவரைப் பார்க்க மேட்ரன் பங்களாவுக்குப் போனாள். வார்டில் கால் வைக்க இடமில்லை. ஒருவனைக் கோணிப்பையோடு தூக்கி வந்து வராந்தாவில் போட்டுவிட்டுப் போனார்கள். கால் நசுங்கியிருந்தது. சாரல் அவன் மேல் அடித்தது, ரத்தம் தண்ணீரோடு ஓடியது. அக்கா அவனைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகத் துரையைப் பார்த்தாள். நேரே உள்ளே போய்த் துரையைத் தூக்கி மூலையில் சாய்த்தாள். "பாத்துக்கினே இன்னா நிக்கிறீங்க? தலப்பக்கம் புடிங்க" என்றாள். கட்டிலில் கிடத்தி, காலையில் துரைக்குக் கட்டிய அதே துணியால் அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது.

மேட்ரன் திரும்பி வந்து முதலில் பார்த்தது அவனை அல்ல, மெத்தையை.

"மெத்தை பாழ். யார் செய்தது?"

"நாந்தாம்மா. மெத்தைக்கு வேற பஞ்சு போட்டுக்கலாம். இவனுக்கு வேற ரத்தம் எங்கம்மா போறது?"

மறுநாள் அக்கா வாசலுக்கு வெளியே நின்றாள். சொல்லாத காரியத்தைச் செய்தவள் தாதி வேலைக்கு லாயக்கில்லையாம். கட்டிலுக்கு மேலே ஒரு பலகையும் ஏறியது: இந்தக் கட்டிலில் நோயாளிகளைப் படுக்க வைக்கக் கூடாது.

அவன் பிழைத்தான். கட்டையை ஊன்றிக்கொண்டு பெண்டாட்டியோடு வந்து, எலுமிச்சம்பழம் கொடுத்து, "நீங்க குடுத்த உசிரு தாயே" என்று மேட்ரன் கையில் மாலையை வைத்துக் கும்பிட்டான். அவள் வாங்கிக்கொண்டாள். பூவாசனை தலைவலி என்று, அதைத் துரையின் கழுத்தில் மாட்டச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. வாசல்வரை துரத்திப் போய், உன்னைக் காப்பாற்றியது இன்னார் என்று அவனிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளயா? அவள தொரத்திட்டாங்களாமே. சும்மாவா தொரத்துவாங்க, இன்னா தப்பு பண்ணாளோ" என்றான். அவன் மேல் எனக்கு இருக்கிற கோபம் மேட்ரன் மேல்கூட இல்லை.

அக்கா மறுபடி கல் உடைக்கப் போனாள், அந்தக் கொழுந்தன் வீட்டிலிருந்தே. சில வருஷம் கழித்துக் கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமலோடு வந்தவளுக்கு வராந்தாவில்தான் பாய் கிடைத்தது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "தொர சவுக்கியமா?" என்று கேட்டாள். அந்தப் பாயிலேயே செத்தாள்.

இப்போது பயிற்சி அறையில் மின்சார விளக்கு எரிகிறது. துரைக்குப் புது வைக்கோல், புது வர்ணம். வெளியே வராந்தாவில் இன்றைக்கும் இரண்டு பேர் பாயில் கிடக்கிறார்கள். பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாலையைக் கழற்றினார்கள். "பலகைக்கும் பொட்டு வெச்சிட்டோம் நர்ஸம்மா. தொடச்சிடட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா இந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பதற்கு அந்தப் பலகையைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

"அது இருக்கட்டும்" என்றேன்.