கோடைப் பட்டியலின் முதல் புத்தகம்

கடையில் அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கும் அண்ணன், மூட்டை இறக்க வருகிறவருக்கும் அண்ணன், அவரைவிட இருபது வயது மூத்த வாடிக்கையாளருக்கும் அண்ணன். இருபத்தாறு வருடமாக அந்தப் புத்தகக் கடையில் விற்பனையாளர். முடி கொட்டியது, பல் இரண்டு போனது, மகளைக் கட்டிக் கொடுத்தார். எல்லாமே ஏணிக்கும் மூன்றாவது அலமாரிக்கும் நடுவில் நின்றபடியே நடந்து முடிந்தது போலிருக்கும். சொத்து என்று எதுவும் சேரவில்லை. அவருக்கென்று இருந்தது ஒரு பேச்சு மட்டும்: அண்ணன் சொன்னால் புத்தகம் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பேச்சை அவர் சும்மா வாங்கிவிடவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கடையின் கண்ணாடிக் கதவில் பத்துப் புத்தகங்களின் பட்டியல் ஒட்டுவார்கள். அடியில் ‘அண்ணன் சொல்கிறார்’ என்று இருக்கும். அந்தப் பத்துக்காக மழைக்காலத்திலேயே ஆரம்பித்து, பேருந்தில் நின்றுகொண்டும் சாப்பாட்டு இடைவேளையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டும் ஐம்பது அறுபது படித்துத் தள்ளுவார். கடைசிப் பக்கம் வரை படிக்காத எதையும் பட்டியலில் சேர்த்ததில்லை.

“என் முகத்தை இப்படி ஒரு நாள் உத்துப் பார்த்திருந்தா, நானும் ஏதாவது கதை சொல்லியிருப்பேன்,” என்பாள் மனைவி.

பட்டியல் ஒட்டியதும் முதல் ஆளாக வருகிறவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மூன்று புத்தகம் வாங்குவார். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மார்க் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார். ‘எழுபத்தொன்று. முடிவில் அவசரம்.’ ‘நாற்பது. அண்ணனுக்கு என்ன ஆச்சு?’

“இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் படிச்சீங்க டீச்சர்? பாதியில மூடி வெச்சிருக்கலாமே.”

“விடைத்தாளைப் பாதி திருத்திட்டு மார்க் போட முடியுமா? நீங்க கொடுத்தா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் திட்டுவேன்.”

அந்த மார்க்குக்காக அண்ணன் பரீட்சை எழுதியவர் போலக் காத்திருப்பார்.

முதலாளியின் மச்சான் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். தன் முன்னேற்றத்தின் கதை. ஐந்நூற்று இருபது பக்கம். சொந்தச் செலவில் அச்சடித்து எண்ணூறு பிரதிகளைக் கடைக் கிடங்கில் இறக்கிவிட்டார். இரண்டு வருடத்தில் பதினொன்று போனது. கடை ஆட்கள் அதன் தலைப்பையே மறந்துவிட்டு மச்சான் என்றுதான் சொன்னார்கள். “மச்சான் மேல கரப்பான் ஓடுது பாரு,” “மச்சானைக் கொஞ்சம் தள்ளி வை.” அண்ணன் நாற்பது பக்கம் படித்துப் பார்த்தார். அதற்குள் நூலாசிரியர் ஏழு பேரை மன்னித்திருந்தார். மூடி வைத்துவிட்டார்.

அந்த வருடம் பட்டியல் அச்சுக்குப் போகிற அன்று முதலாளி கூப்பிட்டார்.

“அண்ணே, முதல் இடத்துல மச்சானைப் போட்டிருக்கேன்.”

“நான் நாற்பது பக்கம்தான் படிச்சேன் முதலாளி.”

“அவனே அவ்வளவு படிச்சிருக்க மாட்டான். வீட்டுக்காரி ரெண்டு மாசமா என்னோட பேசலை. இந்த ஒரு தடவை.”

“பத்தாவதாவது போடுங்களேன்.”

முதலாளி சிரித்தார். “உங்களுக்கு ஐம்பத்தெட்டு ஆகுது. இந்த வயசுல வேற எந்தக் கடையில உங்களை ஏணியில ஏத்துவாங்க?”

அண்ணன் தனக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியல் பாட்டுக்குக் கதவில் தொங்கட்டும். வருகிறவர்களிடம், “முதலாவதை மட்டும் விட்டுடுங்க,” என்று காதோடு சொல்லிவிட்டால் முடிந்தது. அப்படியே சொன்னார். ஒருவர் விடாமல் சொன்னார். தன் வாய் வாரத்தில் ஆறு நாள்தான் கடையில் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் வரவில்லை. பேரப் பிள்ளைகளோடு எங்காவது வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

விடுமுறை முடிகிற வாரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்து நின்றான்.

“அண்ணே, நான் டீச்சரோட மகன். அம்மா பதினாலாம் தேதி தவறிட்டாங்க.”

அண்ணன் கையிலிருந்த தூசித் துணியை மடித்தார். மறுபடி விரித்தார்.

“வயித்துல கட்டி. கோடை தாண்டாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னா பாவம் பார்த்து, நல்ல மார்க் விழற மாதிரி பொறுக்கிக் கொடுப்பீங்களாம்.” மகன் லேசாகச் சிரித்தான். “மூணு படிக்க நேரமில்லை, ஒண்ணுதான். அண்ணன் எதை முதல்ல போட்டிருக்காரோ அதை வாங்கிட்டு வான்னாங்க. வியாழக்கிழமை வந்தேன், உங்களுக்கு லீவாம். கதவுல பார்த்து வாங்கிட்டுப் போயிட்டேன்.”

அண்ணன் துணியை ஏணிப் படியில் தொங்கவிட்டார்.

“ஒரு நாளைக்கு இருபது பக்கம். கண்ணு சோர்ந்தா நான் வாசிப்பேன். வேற ஏதாவது படிக்கலாமான்னு கேட்டேன். ‘அவர் சும்மா முதல்ல போட மாட்டார், இனிமேதான் வரும்’னாங்க. பேரப் பசங்க பேச வந்தாக்கூட, இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு, அப்புறம் வாங்கன்னு அனுப்பிடுவாங்க.”

“முடிச்சாங்களா?”

“முடிச்ச மூணாம் நாள் போயிட்டாங்க.”

“மார்க்கு?” கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார்.

“போடலை. பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. எதுவுமே பிடிபடலைடா, மருந்துல மூளை மழுங்கிப் போச்சு போலன்னு அழுதாங்க. வலிக்குக்கூட அழாதவங்க.” மகன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். “அதைத்தான் கேக்க வந்தேன். நிஜமாவே அம்மாவுக்குப் புத்தி போயிடுச்சா? இல்ல, புத்தகமே அப்படித்தானா?”

உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்தகம்தான் குப்பை என்றால் போதும். இந்தப் பிள்ளை நிம்மதியாக வீட்டுக்குப் போவான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். டீச்சருக்கு மிச்சமிருந்த நான்கு வாரத்தையும் யார் தின்றது என்ற கேள்வி. கல்லாவில் முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

“கொஞ்சம் கஷ்டமான புத்தகம்தான் தம்பி,” என்றார் அண்ணன். “நல்லா இருக்கிறவங்களுக்கே ரெண்டாவது தடவைதான் பிடிபடும்.”

“அப்ப அம்மா சொன்னது சரிதான்,” என்றான் மகன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். “அம்மா கடைசியா படிச்சது. வந்து பார்த்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா ஒரு ஞாபகமா இருக்கும் தம்பி.”

மகன் யோசித்தான். “அறுபது கிடைக்குமா?”

“கிடைக்குமாவா,” என்றார் முதலாளி.

அண்ணன் கிடங்கிலிருந்து ஆறு நடையில் கொண்டுவந்தார். பத்துப் பத்தாக அடுக்கி, தாள் சுற்றி, சணல் கயிறு போட்டார். முடிச்சுப் போடும்போது கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. மகன் குனிந்து, கயிறு குறுக்கே போகிற இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“விரலை எடுத்துக்கோங்க தம்பி,” என்று சொல்லி அண்ணன் இறுக்கினார்.