ஓடுதளத்தில் ஒரு கோடு போட்ட சட்டை

காலை ஆறே முக்காலுக்குச் சேலத்தில் பேருந்து ஏறினேன். தருமபுரி அறுபத்தைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கி வேறு பேருந்து பிடித்தால் காரிமங்கலம் இன்னும் இருபத்தைந்து. தொப்பூர் கணவாயில் மார்கழிக் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து காதைப் பிடித்துத் திருகியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி எங்கே போகிறேன் என்று கேட்டார். விமானப் பள்ளிக்கு என்றேன். காரிமங்கலத்தில் விமானமா என்று சிரித்துவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழகியதுதான். என் கணவர் பாஸ்கரன் இளவயதில் இந்தப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்தவர். படிப்பு முடிவதற்குள் பள்ளியை நடத்திய கம்பெனி நொடித்துப் போயிற்று. அதன்பின் காலமெல்லாம் அவர் ஓட்டியது ஒரு பழைய ஸ்கூட்டர். ஆனால் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் அவருடைய விமானம் கிளம்பிவிடும். பயிற்சியாளர் இறங்கிக்கொள்ள, தன்னந்தனியாக மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிய கதை. முதன்முறை தனியாகப் பறந்து வருபவரின் சட்டையில் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேர் எழுதி, விமானக் கொட்டகைச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம். அன்றைக்கு வெள்ளைச் சட்டை காயாததால் நீலக் கோடு போட்ட சட்டையில் போய் வசவு வாங்கியதையும் விடாமல் சொல்வார்.

அவர் தம்பி, என் கொழுந்தனார், மட்டும், "அண்ணன் மொட்டை மாடிக்குத்தான் தனியாப் போயிருப்பாரு" என்று பந்தியையே சிரிக்க வைப்பார். பாஸ்கரன் இறந்து பதினாறாம் நாள் சாப்பாட்டிலும் அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சட்டைத் துண்டு எங்கேயாவது கிடந்தால் கொண்டுவந்து கொழுந்தனாரின் இலைக்குப் பக்கத்திலேயே வைப்பது என்று முடிவு செய்தேன். அதற்கும் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஒன்பதரைக்குக் காரிமங்கலம். விமானப் பள்ளி என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "ஏரோப்ளேன் களமுங்களா? ராகி அடிக்கிற எடம்னு சொல்லுங்க" என்றார். உள்ளே ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். அந்தக் காலத்தில் விமானம் இறங்குமுன் சங்கு ஊதுவார்களாம். ஊதிய சத்தத்துக்கு மாடுகள் தாமாகவே ஓரம் கட்டிவிடும் என்று அவர் அப்பா சொல்வாராம்.

ஓடுதளம் அப்படியே நீண்டு கிடந்தது. வெடிப்புகளில் புல். அதன்மேல் ராகிக் கதிரைப் பரப்பி டிராக்டரை விட்டு மிதித்திருந்தார்கள். ஓரமாக ஏழெட்டுப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் நேரே கொட்டகைக்குப் போனேன். கூரைத் தகடு ஒன்றும் மிச்சமில்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று அழுகை வந்துவிட்டது.

பின்னாலேயே ஒரு பெண் வந்தார். பேர் முனியம்மா. பள்ளி நடந்த காலத்தில் அங்கே கூட்டிப் பெருக்கியவர். வந்த காரியத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய், கம்பத்தின் உச்சியைக் காட்டினார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிகள் பார்க்கும் துணிப் பை அது. காற்றில்லாமல் துவண்டு தொங்கியது. அத்தனையும் பழுப்பேறிய வெள்ளை ஒட்டுத்துணி. நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் நீலக் கோடு.

"செவுத்துல இருந்த சட்டைத் துண்டையெல்லாம் எலி கடிக்க ஆரம்பிச்சிருச்சுங்க அக்கா, தூக்கிப்போட மனசு வரல. பழைய பையும் கிழிஞ்சு போச்சு. ராகி தூத்தக் காத்துப் பாக்கணுமில்லீங்களா, எல்லாத்தையும் சேத்துத் தெச்சுட்டேன். தூத்துற நாளுக்கு மட்டும் ஏத்துவோம், அப்புறம் வூட்டுல பத்திரமா வெச்சிருவேன்."

எழுதிய பேரெல்லாம் எப்போதோ வெளுத்துவிட்டதாம். படித்த எல்லோருடைய சட்டையும் சுவரில் இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லீங்க. தனியாப் போயிட்டு வந்தவங்களுது மட்டுந்தான் செவுத்துல ஏறும். கோடு போட்டது அது ஒண்ணுதாங்க."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முனியம்மா கயிற்றில் கை வைத்தார். இறக்கிப் பிரித்துத் தருகிறேன், வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அதற்குள் காற்று வந்துவிட்டது. பை உப்பி, மேற்கே பார்த்து நீட்டி நின்றது. பெண்கள் எழுந்து இடம் மாறி நின்று முறங்களை உயர்த்தினார்கள். முனியம்மாவும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். தானியம் காலடியில் விழ, தூசும் தும்பும் என் தலைமேல் பறந்தன. பாஸ்கரனின் சட்டை மேலே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே சந்தோஷம்.

மதியம் முனியம்மா மறுபடி கயிற்றிடம் வந்தபோது வேண்டாம் என்றேன்.

திரும்பும் பேருந்தில் தலைமுடியிலிருந்து தும்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் கிளம்பிப் போனதைக் கேள்விப்பட்டுக் கொழுந்தனார் போனில் கூப்பிட்டார். "என்ன அண்ணி, ஏரோப்ளேன் கெடச்சுதா?"

"உங்கண்ணன் சட்டை கம்பத்துல பறக்குது. தனியா ஓட்டுனவங்க சட்டைய மட்டுந்தான் அங்க மாட்டுவாங்களாம். எடுத்துட்டு வரல, வேணும்னா நீங்க போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சேலத்திலிருந்து காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டார்.