கராச் வளவில் கொட்டிய வெள்ளை மணல்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. அடியில் ஒரு பிடி கறுப்பு மண், அதன்மேல் தண்ணீர், தண்ணீருக்கு மேல் நீலமும் ஊதாவுமாக மினுங்கும் எண்ணெய்ப் படலம். புதிதாக வருகிறவர்கள் இதென்ன ஊறுகாயா என்று கேட்பார்கள். இல்லை, என் பிழை என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அதைத் தந்தவர் எங்கள் நகரசபைக் கந்தோரில் வேலைகளை மேற்பார்த்த ஓவசியர். நான் அங்கே எழுதுவினைஞர், வீடு மன்னார் உப்புக்குளத்தில். சண்டை முடிந்து சில வருடங்களில், எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த கராச் வளவைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக்க முடிவாயிற்று. ஒருகாலத்தில் லொறி திருத்திய இடம். கழிவு எண்ணெயையெல்லாம் வருடக்கணக்காக நிலத்திலேயே ஊற்றியிருந்தார்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கராச்தான் மணக்கும். பிள்ளைகளோ போக வேறு இடமில்லாமல் பஸ் ஓடும் தெருவில் பந்தடித்தார்கள். என் மகனும் அதில் ஒருவன். கந்தோரில் இருந்தாலும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறும்; அந்தத் திடல் எப்போது திறக்கும் என்று நாள் எண்ணியவள் நான்.

ஓவசியர் நெடிய, மெலிந்த மனிதர். கோபக்காரர் என்று பெயர். ஆனால் கோபம் எல்லாம் மண்ணோடுதான். மிக மோசமான மண்ணைப் பீப்பாய்களில் அடைத்து அனுப்பினார். மிச்சத்தைத் தறப்பாளில் பரப்பி, மாட்டெருவும் வைக்கோலும் கலந்து, தண்ணீர் தெளித்து, கிழமைக்கு இரண்டு தரம் புரட்டச் செய்தார். எருவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எண்ணெயைத் தின்று முடிக்கும் என்று அவர் சொன்னபோது கந்தோரே சிரித்தது. "சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ. அதுகள் லீவும் கேளாமல் வேலை செய்யுதுகள்," என்றார். இடத்துக்கு இடம் மண் எடுத்து, ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மேலே மினுக்கம் தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய முளை ஒன்று அடிப்பார். கொழும்புக்குப் பரிசோதனைக்கு மண் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திறப்பு விழாவுக்குத் திகதியும் குறித்தாயிற்று. அதற்கு முன்பு, மகளின் பிரசவத்துக்காக ஓவசியர் சில நாள் லீவில் வவுனியா போனார். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் முற்றத்துக்குப் புது வெள்ளை மணல் பரப்புவோம். மணல் இல்லாமல் என்ன கொண்டாட்டம்? ஒழுங்கைச் சனம் முழுவதையும் கூட்டினேன். பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து ஒரு முஸ்லிம் நானா டிராக்டர் தந்தார். இரண்டே நாளில் அந்த வளவு பால் ஊற்றினது போல் ஆயிற்று. வடக்குப் பக்கம் நின்ற சிவப்புத் துணி முளைகளை வேலை முடிந்த அடையாளம் என்று நினைத்து, அழகைக் கெடுக்கிறதே என்று நானே பிடுங்கி எறிந்தேன்.

ஓவசியர் வந்தார். நாங்கள் பல்லெல்லாம் தெரிய நின்றோம். அவர் வளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முளை எங்கே என்று கேட்டார். சொன்னேன். அப்படியே மணலில் குந்திவிட்டார். அந்த முளைகள் வேலை முடிந்த இடங்கள் அல்ல, இனித்தான் தோண்ட வேண்டிய இடங்கள். எண்ணெய் எங்கே கிடக்கிறது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிள்ளையே அந்த எண்ணெயில் விழுந்து புரளப்போகிறான் என்று எண்ணி எண்ணி அழுதேன்.

"அழாதையும் பிள்ளை," என்றார். "நீர் முளையைப் பிடுங்கினது ஒரு பிழை. நான் கடதாசியில படம் கீறி வைக்காதது ரெண்டாவது பிழை. உம்மட ஒழுங்கையில எத்தினை ஜாம் போத்தல் இருக்கும்?"

அன்று பின்னேரம் வீட்டுக்கு வீடு போத்தல் வந்தது. ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், பால்மாப் போத்தல். மணலை விலக்கி அடிமண் எடுப்பதும் குலுக்குவதுமாக ஒழுங்கை முழுவதும் நின்றது. எடுத்த இடத்திலேயே போத்தலை வைக்க வேண்டும் என்பது அவரது கட்டளை. கோயில் பாட்டுக்கார அக்கா ஒருத்தி குலுக்கிய தாளத்துக்கே பாட ஆரம்பித்தாள். டிராக்டர் நானா இரண்டு கையிலும் போத்தலோடு ஆடினார். அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். வெயில் சாயும்போது வடக்குப் பக்கத்தில் ஒரு மூலைப் போத்தல்கள் மட்டும் நீலமாய் மினுங்கின. ஓவசியர் அதில் ஒரு போத்தலை மூடி இறுக்கி என் கையில் தந்தார்.

திறப்பு விழா தள்ளிப்போனது. ஏன் என்று மேலிடம் கேட்டதற்குத் தன் பிழை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். என் பெயர் அதில் இல்லை. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றதற்கு, போய் எருவுக்கு ஆள் பாரும் என்று துரத்தினார். அடுத்த மாரி முடிந்த பிறகே மண் நல்லது என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. திடல் திறந்த அன்று முதல் பந்தை என் மகன்தான் உதைத்தான்.

போன மாதம் ஓவசியர் மன்னாருக்கு வந்திருந்தார். பென்சன் எடுத்துப் பல வருடம். நடை தளர்ந்துவிட்டது, குணம் தளரவில்லை. வந்ததும் வராததுமாய் அந்த மூலைக்குப் போவோம் என்றார். ஒரு வெறும் ஜாம் போத்தலோடு போனோம். வடக்கு மூலையில் இப்போது கோல் கம்பங்கள் நிற்கின்றன. அவர் குந்தியிருந்து மண்ணைக் கிண்டத் தொடங்க, கோல் காத்துக்கொண்டிருந்த சிறுமி இடுப்பில் கை வைத்தபடி வந்தாள்.

"ஐயா, எங்கட கோலுக்குள்ள கிண்டாதேங்கோ. பிறகு நாங்கள் விழுந்துபோவம்."

இங்கே முன்பு எண்ணெய் கிடந்தது, அதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். அவள் நம்பவே இல்லை. எண்ணெயாவது இங்கேயாவது என்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். ஓவசியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கிண்டிய மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்தி, சரி பிள்ளை, விளையாடுங்கோ என்றார்.

மண் காணாத அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிச் சீனி போட்டிருக்கிறேன். அலுமாரியில், என் பிழைக்குப் பக்கத்தில் இருக்கிறது.