பதினைந்தாவது கல்

"கல்லை எண்ணிச் சொல்லும்வே. அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போவணும்."

ராயகிரியிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு பண்ணையார், கைக்கடிகாரத்தை என் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துச் சொன்னது இது. அவர் மனைவி பின்னால் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் நாலாம் வகுப்போடு ஓடிப்போனவன். கொழும்பிலும் கொல்லத்திலும் சுற்றியபோது வாட்ச் வேலை கைக்கு வந்தது. அந்த ஆடியில் குற்றாலத்தில் ஓர் எண்ணெய்க் கடை ஓரத்தில் இருந்தேன். பலத்த சாரல் அடித்தால் வேலை இல்லை, சாப்பாடும் இல்லை.

பண்ணையாரின் வழக்கு இதுதான். தென்காசியில் காதர் பாயிடம் வாட்ச்சைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட, ஓவராயிலுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"பதினஞ்சு ஜூவல்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கு. அஞ்சுதான் இருக்கு. பத்து கல்லைத் தின்னுட்டான்வே! என் தம்பி இங்கன ஏட்டு. இன்னைக்கே அவனை உள்ள தள்ளுதேன்."

வாட்ச்சுக்குள் வைரம் இருப்பதாக அப்போது பலரும் நம்பினார்கள். உண்மையில் அது வீல் அச்சு தேயாமல் சுழல வைத்த சிவப்புக் கல். கடுகில் பாதி. சந்தையில் அதற்கு ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

காதர் பாய் பக்கத்தில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் கை சுத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். யாருக்கும் செய்ய மாட்டேன். எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக் கூடு, பீங்கான் டயல். முதல் ஜெர்மன் சண்டைக் காலத்து மாதிரி. டயலில் கம்பெனிப் பேர் இல்லை. முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்தைத் தூக்கியதும் நின்ற காரணம் தெரிந்தது. அதன் அச்சான ஸ்டாஃபின் முனை ஒடிந்திருந்தது. எங்கோ இடித்திருக்கிறார்கள்.

"மேல அஞ்சு. பாலன்ஸ்லயும் அதத் தள்ளுத ஃபோர்க்லயும் நாலு. ஒம்பது ஆச்சா, அண்ணாச்சி?"

"மேல சொல்லும்."

டயலைக் கழற்றினேன். கீழ்த்தட்டில் மெஷின் செய்தவனின் முத்திரை இருந்தது. கல் ஐந்துதான் இருந்தது. ஆறாவது இடத்தில் கல்லுக்குப் பதிலாக ஒரு பித்தளை வளையம், புஷ்.

"பதினாலு. ஒண்ணு காணோம்லா! எடுத்திருக்கான்!"

புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு பிறையும் புள்ளியும் இருந்தன. கொல்லத்தில் வேலைக்காரர்கள் அவரவர் செய்த ரிப்பேரை அடையாளம் தெரிந்துகொள்ள இப்படிக் கீறிவைப்பார்கள். பிறையும் புள்ளியும் என்னுடையது.

ஞாபகம் வந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளார்க்கின் வாட்ச். கல்லில் விரிசல் விழுந்திருந்தது, வேறு கல் கிடைக்கவில்லை. பித்தளை போட்டு ஓடவைத்தேன். கிளார்க்கிடம் அதைச் சொல்லவில்லை.

பேசாமல் மூடியிருக்கலாம். காதர் பாய் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்.

"இந்தப் பித்தளை நான் போட்டது, அண்ணாச்சி. ஏழு வருஷம் இருக்கும். கொல்லத்துல."

"அப்ப நீதான் களவாணியா?"

"கல் ஒடைஞ்சு போச்சு, மாத்தினேன். அப்ப இது ஒரு கிளார்க் கையில கெடந்துது. உங்க கைக்கு எப்படி வந்துது?"

திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒங்கய்யா புது வாட்ச்சுன்னுதான கல்யாணத்துல கெட்டிவிட்டாரு?"

"புதுசுதான்! திருவேங்கடத்துல நாலு பேரு முன்னால பெட்டியப் பிரிச்சுக் குடுத்தாக."

"பெட்டி புதுசு" என்றார் பண்ணையார்.

"இனிமே சீரா வந்த குத்துவிளக்கையும் சொரண்டிப் பாப்பீக" என்றார் அந்த அம்மா. அழுதாரா, சிரித்தாரா என்று தெரியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது சண்டையால் சீமை ஸ்பேர் வருவது நின்றிருந்தது. அதே முத்திரையுள்ள உடைசல் மெஷின் ஒன்று என் டப்பாவில் கிடந்தது. அதிலிருந்து ஸ்டாஃபை எடுத்துப் போட்டேன். புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு அதன் கல்லையும் வைத்தேன். சாயங்காலம்வரை அவர் கண்கொட்டாமல் பார்த்திருந்தார். வாட்ச் ஓடியது.

"பதினஞ்சும் சரியா இருக்கு, அண்ணாச்சி."

காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கல்லு எவன் வாட்ச்சுல இருந்து எடுத்ததுவே?"

அவர் சந்தேகத்துக்கு என்னிடம் ஸ்பேர் இல்லை. ஆனால் அன்று அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாற்றுச் சாமான் போட்டால் உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் நம்ப மாட்டார், திட்டுவார். திட்டட்டும். நீங்கள் வைத்த பித்தளைக்கு இன்னொருவன் அடிபடக் கூடாது.